காற்றுக் குழாயில் சுற்றிய காடாத் துணி

என் மாமாவுக்கு,

ஊருக்கு நீங்கள் டிரைவர் ஏழுமலை. செத்துப்போன புருஷனுக்கு எவளாவது கடிதம் எழுதுவாளா என்று கேட்பவர்கள் கேட்கட்டும். வண்டியையும் விட்டுவிட்டு அதன் வியாதியையும் விட்டுவிட்டுப் போனால், நான் வேறு யாரிடம் போய்ச் சொல்வது?

இப்போது வண்டியை நான்தான் ஓட்டுகிறேன். வேங்கிக்காலில் தனியாக இருக்கும் சாரை, நீங்கள் செய்தது போலவே திங்களும் வியாழனும் டயாலிசிஸுக்கு வேலூர் கூட்டிப்போகிறேன். அவர் பிள்ளைகள் வெளிநாட்டில். ஏழுமலை வண்டியைத் தவிர வேறு எதிலும் ஏற மாட்டேன் என்று அவருக்கு ஒரே பிடிவாதம்.

காலையில் வண்டி நன்றாகத்தான் போகிறது. மதிய வெயிலில் திரும்பும்போதுதான் இழுக்க மாட்டேன் என்கிறது. பின்சீட்டில் அவர் வெளுத்துப்போய்ச் சாய்ந்து கிடப்பார். நான் கண்ணாடியில் அவரைப் பார்த்துப் பார்த்து ஓட்டுவேன்.

காரணம் தெரியாமல் இல்லை. பானெட்டைத் திறக்கும் போதெல்லாம் நீங்கள் சொன்னதுதானே? "என்ஜின் காத்து இழுக்கற குழாய் அதும் சூட்டுக்குப் பக்கத்துலயே போவுது வசந்தா. சூடான காத்த இழுத்தா இழுவை கம்மியாயிடும். ஒரு நாள் இதுக்கு மேல எதனா சுத்தி உடணும்." உங்களுக்கு எல்லாமே ஒரு நாள்தான். அந்த ஒரு நாள் வரவே இல்லை.

சரி, நானே சுற்றுகிறேன் என்று உட்கார்ந்தேன். வீட்டில் காடாத் துணி இருந்தது. உங்கள் காய்ச்சல் இறங்கினால் கார்த்திகைக்கு மலைமேல் ஏற்றும் தீபத்துக்குத் திரியாகக் கொடுக்கிறேன் என்று அண்ணாமலையாரிடம் வேண்டிக்கொண்டு வாங்கிய துணி. காய்ச்சல் இறங்கவில்லை. நெற்றியில் ஈரத்துணியைப் போட்டுப் போட்டு எடுத்தேன். துணி சுட்டது, உங்கள் உடம்பு ஆறவில்லை. நீங்கள் போன பிறகு, "நீ உன் வேலையச் செய்யல, நான் என் துணியத் தரமாட்டேன்" என்று மலையைப் பார்த்தே சொன்னேன். பக்கத்து வீட்டுக்காரி கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

அந்தத் துணியைத்தான் பட்டை பட்டையாகக் கிழித்து, குழாயின் மேல் தடிமனாகச் சுற்றி, கம்பியால் கட்டினேன். எரிவதற்கென்றே வாங்கிய துணி என்பது மண்டையில் உறைக்கவே இல்லை. சூடு உள்ளே போகக் கூடாது, அவ்வளவுதான் நினைப்பு. நீங்கள் இருந்தால் தலையில் அடித்துக்கொண்டிருப்பீர்கள்.

முதலில் வண்டி நன்றாக இழுத்த மாதிரிதான் இருந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. போன வியாழக்கிழமை திரும்பி வரும்போது, கண்ணமங்கலம் தாண்டி லாரிகள் வரிசையாக நின்றுவிட்டன. நல்ல வெயில். கருகல் வாடை வந்தது, பிறகு பானெட் இடுக்கில் புகை.

சாரால் தானாக இறங்க முடியாது. கதவைத் திறந்து இரண்டு கையாலும் தூக்கி, புளியமரத்தடியில் உட்கார வைத்தேன். கடைசியாக உங்களைத் தூக்கியபோது இருந்த அதே கனம். அப்புறம் ஓடிப்போய்த் தண்ணீர் கேனைக் கவிழ்த்தேன். துணி தொங்கி சைலன்சர் குழாயில் பட்டுக் கனன்று கருகியிருந்தது. காற்றுக் குழாய் உருகிச் சப்பையாகிவிட்டது. நடுரோட்டில் நின்று அழுதேன். எந்தச் சூட்டைத்தான் நான் தடுத்தேன் மாமா?

உங்கள் மெக்கானிக் பாஷா பாய்தான் வந்து சரிசெய்தார். "ஏம்மா, துணிய இவ்ளோ ஜாஸ்தியா சுத்துவாங்களா? இதுக்குன்னு தீப்பிடிக்காத ஷீட்டு இருக்குது. ஒரு சுத்து போதும். சைலன்சருக்கும் இதுக்கும் நடுவுல விரல் நுழையற இடம் உடணும்" என்றார். இப்போது புதுக் குழாய் போட்டு, அந்த ஷீட்டையும் சுற்றியாகிவிட்டது. இனிமேல் நன்றாக இழுக்குமா என்று கேட்டேன். "கொஞ்சம் தேவலாம். பழைய வண்டி, வெயிலு வெயிலுதானே" என்றார். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

ஆனால் நான் சொல்ல வந்தது இது இல்லை. அன்று பாஷா பாய் கயிறு கட்டி இழுத்துவந்த நம் வண்டியிலிருந்து சாரை வீட்டில் இறக்கிவிட்டபோது, அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"போதும்மா. திங்கக்கெழம வராதே. இனிமே நான் போவல."

"வண்டி சரியாயிடும் சார்."

"வண்டிக்காகச் சொல்லல. என்னத் தூக்கினு ஓடுனியே, உன் மொகத்தப் பாத்தேன். ஏழுமலைக்கு அழுதது போதாதா உனக்கு?"

"போவலன்னா செத்துடுவீங்க சார்."

"தெரியும்மா" என்றார், மழை வரும் என்று சொன்னால் தெரியும் என்பது போல. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். போன் பண்ணினால் எடுப்பதில்லை. அவர் பிள்ளைக்குப் போனில் சொன்னேன். அப்பாவிடம் பேசுகிறேன் என்றான். பேசினானா என்று தெரியவில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது மாமா. ஒருவரைப் பார்த்துக்கொண்டே இருந்து பறிகொடுத்தவள் நான். இன்னொரு முறை என்னால் ஆகாது.

உங்களுக்கு ஒரு வாக்குத் தருகிறேன். திங்கட்கிழமை காலை அவர் வாசலில் வண்டியை நிறுத்தி ஹார்ன் அடிப்பேன். தெருவே எழுந்து வந்து திட்டினாலும் அடிப்பேன். அவர் வராவிட்டால் என்ன செய்வேன் என்று எனக்குத் தெரியவில்லை. அடித்துக்கொண்டே இருப்பேன்.

இன்னும் உங்கள்மேல் கோபமாக இருக்கும்
உங்கள் மனைவி வசந்தா