பார்சிலோனா வாய்

மே 5
இன்றும் கீமா பாதியில் நிறுத்தினார். பார்சிலோனா வானொலியில் எங்கள் உச்சரிப்பைத் திருத்துவது அவர் வேலை.

"ரெமெய், மறுபடியும் உங்க ஊர் லெய்தா வயல்ல நின்னு பேசுற. அழுத்தம் விழாத 'அ', 'எ' ரெண்டையும் ஒண்ணாக்கிப் பாதி முழுங்கு. 'ஒ' வந்தா 'உ' ஆக்கு. மாலைச் செய்தி வேணுமா, வேண்டாமா?"

வேண்டும். ஏழு வருடமாக வேண்டும். ஆனால் எங்கள் வீட்டில் எந்த உயிரெழுத்தையும் யாரும் முழுங்கியதில்லையே!

மே 12
ரொட்டிக்கடையில் எந்த வாயைத் திறப்பது என்று தெரியாமல் விரலால் காட்டினேன். சீ.

மே 24
நத்தைத் திருவிழாவுக்கு ஊருக்குப் போனேன். ஆற்றங்கரைக் கூடாரத்தில் அண்ணன் தகரத் தட்டில் நத்தை சுட்டுக்கொண்டிருந்தான். பூண்டுக் கலவையை இந்தப் பக்கம் தள்ளு என்றுதான் கேட்டேன். ஆனால் 'எ'வைப் பாதி முழுங்கிவிட்டேன்.

"அடேயப்பா! பார்சிலோனா அம்மா வந்துருக்காங்க, நாற்காலியத் தொடைச்சுப் போடுங்கடா!" என்றார் அப்பா. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

உடனே நம் ஊர் மாதிரி பேசிப் பார்த்தேன். வேண்டுமென்றே ஒவ்வொரு 'எ'வையும் திறந்து. அப்பாவின் சிரிப்பு போய்விட்டது. "வேணாம்மா. நீ எங்களக் கிண்டல் பண்ற மாதிரி இருக்கு."

நானா? கிண்டலா? அது என் வாய் இல்லையா? அப்போ எதுதான் என்னுது? திரும்பும் ரயிலில் அழுதேன். அழுகைக்கு எந்த ஊர் உச்சரிப்பும் இல்லை, நல்ல வேளை.

ஜூன் 2
மாலைச் செய்திக்கான குரல் சோதனையில் தேறிவிட்டேன். "உன்ன எந்த ஊர்னு இனி எவனாலயும் சொல்ல முடியாது!" என்று கீமா கட்டிப்பிடித்தார். சந்தோஷம்தான்.

அப்பாவிடம் சொல்லவில்லை. டிராக்டரில் எப்போதும் எங்கள் நிலையம்தான் ஓடும். தானே கேட்டுத் திகைக்கட்டும்.

ஜூன் 9
முதல் மாலைச் செய்தி. மூன்றாவது தாளில் ஆலங்கட்டி மழை. எங்கள் சமவெளி, எங்கள் பேரிக்காய்த் தோப்புகள். ஒலிவாங்கி முன்னால் உட்கார்ந்த பிறகுதான் எனக்கே தெரிந்தது. குரல் நடுங்கவில்லை. ஒரு உயிரெழுத்தும் பிசகவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கீமா கட்டைவிரலை உயர்த்தினார்.

வெளியே ஓடிவந்து அப்பாவை அழைத்தேன்.

"ஆலங்கட்டிக்கு வலை போட்ட பக்கம் தப்பிச்சுது. மிச்சமெல்லாம் தரையில கிடக்கு," என்றார். "ரேடியோவுல கூட சொன்னாங்க. யாரோ ஒரு பொண்ணு. நல்லாத்தான் படிச்சா, குறை சொல்ல முடியாது. ஆனா நம்ம கஷ்டம் மாதிரியே இல்லம்மா. வேற எங்கயோ நடந்த மாதிரி இருந்துச்சு."

கையிலிருந்த மூன்றாவது தாளை நாலாக மடித்தேன்.

"அது கிடக்கட்டும். நீ எப்ப செய்தி படிக்கப் போற?"

"சீக்கிரம்பா," என்றேன். எந்த வாயால் சொன்னேன் என்று தெரியவில்லை.