யோபுவின் பக்கங்களில் என் கை

மச்சான், உன் கொப்பியைத் திறந்தால் இன்னும் வரெக்கீனா மணக்கிறது. படிக்கட்டுக் கழுவுகிற அந்த மருந்து உன் விரல்களை வெடிக்க வைத்ததால்தான் பேனை என் கைக்கு வந்தது.

இத்தாலியின் பலெர்மோவில் வியாழன் பின்னேரம் நமக்கு ஓய்வு. மற்றவர்கள் கடற்கரைக்குப் போவார்கள்; நாம் சீசாப் பகுதியில் இருந்த நம் அறையில் யோபுவோடு கிடப்போம். பாதராகப் படிக்கப் போன குருமடத்தை விட்டு வந்தும் எபிரேயத்தை விடாதவன் நீ. பல நூற்றாண்டுகளுக்கு முன் யூத அறிஞர் ஒருவர் வேதத்திலுள்ள யோபு ஆகமத்துக்கு எழுதிய உரையை நீ தமிழில் சொல்லச் சொல்ல, நான் எழுதுவேன். அவர் ஒவ்வொரு சொல்லுக்கும் மூன்றெழுத்து வேரைத் தேடி, அது வேதத்தில் வேறெங்கே வருகிறது என்று பார்த்துத்தான் பொருள் சொல்வார். அகப்படாவிட்டால், இதன் பொருள் எனக்குத் தெரியவில்லை என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுவார்.

எனக்கு அது பிடிக்கவில்லை. இதை வாசிக்கப்போகிற நம் கோயில் பங்குச் சனம் சிரிக்கும் என்று நினைத்தேன். நல்ல பிரதி எடுக்கும்போது அந்த இடங்களிலெல்லாம் பிரசங்கங்களில் கேட்ட விளக்கங்களைச் செருகிவிட்டு, பழைய தாள்களைக் கிழித்தெறிந்தேன். உதவி செய்துவிட்டதாகப் பெருமை வேறு.

ஒரு பக்கத்தை வாசித்துவிட்டு நீ மூலத்தைத் திறந்து அந்த வரியில் விரலை வைத்தாய்.

“அந்தாள் தெரியாது எண்டெல்லோ எழுதினவர்?”

“சனத்துக்கு விளங்க வேணுமெண்டு போட்டனான்.”

“யோபுவின்ரை கூட்டாளிமாரும் உப்பிடித்தான், மச்சான். அந்தாள்ரை துன்பம் எல்லாத்துக்கும் விளக்கம் வைச்சிருந்தவை.”

நீ ஏசியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். “வாற வியாழன் மூலத்தோடை வைச்சுத் திருத்துவம்” என்றாய். வந்த வியாழனெல்லாம் நான் களைத்துப் போயிருந்தேன். “அடுத்த கிழமை பாப்பம்” என்று படுத்துக்கொண்டேன். பிறகு ஒரு காலை, ஒரேத்தோத் தெருவில் நீ படி கழுவிக்கொண்டிருந்த இடத்தில் உன் நெஞ்சு நின்றுவிட்டது.

உன் முப்பத்தோராம் நாள் நினைவுக்கு இதை அச்சடிக்கப் பங்கில் கேட்கிறார்கள். மூன்று வியாழனாகப் பக்கம் பக்கமாகப் பார்க்கிறேன். எல்லாம் என் கையெழுத்து. எதை உரைகாரர் சொன்னார், எதை நான் செருகினேன் என்று பிரிக்க முடியவில்லை. எபிரேய மூலம் மேசையில்தான் இருக்கிறது. எனக்கு அதில் ஓரெழுத்தும் வாசிக்கத் தெரியாது. வெட்கமாக இருக்கிறது.

நேற்று முதல் தாளில் எழுதினேன்: ‘உரைகாரர் தெரியாது என்று விட்ட இடங்களை நான் அடைத்துவிட்டேன். அவை எவை என்று இப்போது எனக்குத் தெரியவில்லை.’ கீழே என் பெயரைப் போட்டேன்.

“உது வேண்டாம், சனம் என்ன நினைக்கும்?” என்றார் அதை வாசித்த பங்குப் பாதர்.

“நினைக்கட்டும், பாதர்.”

களைப்பாகத்தான் இருக்கிறது, மச்சான். ஆனாலும் இதை அடுத்த கிழமைக்கு விடவில்லை.