ஐந்தே கால் அடி இறக்கம்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் சுகமாக இருப்பீர்கள் என்று நினைத்துக்கொண்டே எழுதுகிறேன். இங்கே எனக்கு ஒரு குறையும் இல்லை, அம்மாவுக்கு உடம்பில் குறையில்லை, மற்றது உனக்குத் தெரியும். பேத்திக்கு முன்பல் விழுந்துவிட்டதாகச் சொன்னாயே, அவள் சிரிக்கிற மாதிரி ஒரு படம் அனுப்பு.

பின்பக்கத் தோட்டத்தை மட்டம் செய்ய என்ன ஆகும் என்று விசாரியுங்கள், பணத்தை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லியிருந்தாய். விசாரித்தேன். அதை எழுதத்தான் உட்கார்ந்தேன், மூன்று தடவை எழுதிக் கிழித்தாயிற்று. போன மாதம் அம்மா அங்கே விழுந்ததை உன்னிடம் சொன்னேன், அது இரண்டாவது தடவை என்பதைச் சொல்லவில்லை. துணிக்கொடியை மாடிக்கு மாற்றி ஒரு வருஷம் ஆகிறது, ஆனாலும் பீரோவில் மடித்து வைத்த துணியை எல்லாம் வாளியில் போட்டுக்கொண்டு பழைய கொடி இருந்த கீழ்க்கோடிக்கு இறங்கிவிடுகிறாள். இந்தத் தடவை புல்லில் உருண்டு முழங்கை உரிந்ததோடு போயிற்று. முதலில் மண் அள்ளும் மெஷின் வைத்திருப்பவரைக் கூப்பிட்டேன். வீட்டை ஒட்டிய சந்தின் அகலத்தைப் பார்த்துவிட்டு, சந்து மூன்றரை அடி, என் மெஷினுக்கு இடுப்பே ஏழடி என்று சிரித்துவிட்டு டீயைக் குடித்துப் போய்விட்டார்.

அப்புறம் கொத்தனார் வந்தார், நிதானமான மனுஷர். இறக்கம் எவ்வளவு என்று பார்க்கத் தண்ணீர் ஊற்றிய நீள டியூப் கொண்டு வந்திருந்தார். கூட ஆள் இல்லாததால், பின்வாசற்படியில் நின்ற அம்மாவிடம் ஒரு முனையைக் கொடுத்து, கதவு நிலையில் போட்ட கோட்டுக்கு நேராக ஆடாமல் பிடித்துக்கொள்ளச் சொன்னார். இன்னொரு முனையோடு நாங்கள் இருவரும் கீழே போனோம். நாற்பது அடி நீளத்துக்கு ஐந்தே கால் அடி இறக்கம். அங்கேயே உட்கார்ந்து கணக்குப் போட்டோம். இருபத்தைந்து லோடு மண், அதைத் தெருவில் கொட்டிச் சட்டி சட்டியாகச் சுமக்க ஆள், கீழ்க்கோடியில் கருங்கல் சுவர், எல்லாம் சேர்த்து என் பதினாலு மாதப் பென்ஷன் வந்தது. எல்லாம் பேசி முடித்து எழுந்தபோதுதான் அவர் தயங்கித் தயங்கிக் கேட்டார், யாருக்காக மட்டம் பண்றீங்க என்று. சொன்னேன். அதற்கு அவர், "சரிவு எங்கயும் போயிடாதுங்க ஐயா. இப்ப நாப்பது அடிக்குப் பரவிக் கெடக்கு. மட்டம் பண்ணினா அத்தனையும் சேந்து கடைசியில செங்குத்தா நிக்கும்" என்றார். அந்தச் சுவருக்குக் கீழே பின்வீட்டுக்காரரின் சிமென்ட் தரை. சுவர் மேல் கம்பி போடலாமே என்பாய். முன்வாசல் கேட்டையே நாற்காலி போட்டுத் தாண்டப் பார்த்தவள் உன் அம்மா.

மேலே வந்தால் அவள் அதே இடத்தில் நிற்கிறாள். நாங்கள் அவளை மறந்தே போய்விட்டோம், முக்கால் மணி நேரம். கை நடுங்குகிறது, ஆனால் டியூப் கோட்டை விட்டு நகரவில்லை. போதும்மா என்று கொத்தனார் வாங்கப் போனதற்கு, சரியா இருக்கா என்று கேட்டாள். அவர் வந்து போன கூலிகூட வாங்காமல் கிளம்பிவிட்டார். முப்பது வருஷம் எடைமேடையில் உட்கார்ந்து, லாரியைப் பார்த்தே லோடு சொன்னவன் நான், எனக்கு இதில் எது கனம் எது லேசு என்று ஒன்றும் பிடிபடவில்லை.

வேறு வழி தெரியாமல் முந்தாநாள் பின்கதவுக்கு ஒரு பூட்டு வாங்கிப் போட்டேன். அன்றைக்குப் பூராவும் வாளியோடு அந்தக் கதவுக்கு முன்னால் நின்றாள். சாப்பிடக் கூப்பிட்டும் வரவில்லை. சாயங்காலம் நானும் பக்கத்தில் போய் நின்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்தாள், பிறகு ரொம்ப மரியாதையாக, "கவலைப்படாதீங்க, எங்க வீட்டுக்காரர் வந்துருவாரு. அவர் வந்தா தெறந்து விட்டுருவாரு" என்றாள். சாவி என் சட்டைப் பையில் இருந்தது. திறந்துவிட்டேன் அம்மாடி, வேறென்ன செய்ய. இறங்கும்போது நான் அவள் கையைப் பிடித்தேன், அவளோ என்னைப் பிடித்துக்கொண்டு, பாத்து வாங்க, இங்க வழுக்கும் என்று சொல்லிக்கொண்டே வந்தாள்.

இப்போதைக்குப் பணம் அனுப்பாதே. உனக்கு ஏதாவது தோன்றினால் எழுது, எனக்கு ஒன்றும் ஓடவில்லை. உன் இருமலுக்கு மருந்து வாங்கினாயா, தள்ளிப் போடாதே. ஞாயிற்றுக்கிழமை கூப்பிடும்போது, நான் யாருன்னு தெரியுதா என்று அம்மாவிடம் கேட்காதே, அவள் தவித்துப்போகிறாள். எடுத்த எடுப்பில் உன் பெயரைச் சொல்லிவிடு. மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல் நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும், அம்மாவுக்கும் சேர்த்து நானே வாழ்த்திவிடுகிறேன்.

இப்படிக்கு,
உன் அப்பா