சொல்லாமல் விட்ட பாதி

மார்ச் 4
இன்றும் அதே கூத்து. கண் அப்பாவுடையது, கேள்வியெல்லாம் எனக்கு. "அவருக்கு வலி இருக்கா?" என்கிறார் டாக்டர். அவரையே கேளுங்கள், நான் சைகையில் சொல்கிறேன் என்றேன். சிரிக்கிறார். அப்பா என்ன, நாற்காலியில் வைத்த பையா? முப்பது வருஷமாகத் தையல் கடையில் கட்டிங் மாஸ்டர். அவருக்கும் அம்மாவுக்கும் காது கேட்காது, அவ்வளவுதான். மூளையைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டா வந்தார்?

மார்ச் 9
அத்தை வந்திருந்தாள். கூடப்பிறந்த தம்பியோடு பேச இந்த வயதுவரை ஒரு சைகை கற்றுக்கொள்ளவில்லை. அவர் எதிரிலேயே, "இவன்கிட்ட சொல்றது செவிடன் காதுல ஊதின சங்குதான்" என்கிறாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அம்பது வருஷமா ஊதுறீங்களே அத்தை, கையக் கொஞ்சம் ஆட்டியிருந்தா அவருக்குப் புரிஞ்சிருக்கும்" என்றேன். நான் வாயாடியாம். இருக்கட்டும்.

மார்ச் 18
ரிசல்ட். டாக்டர் என்னைப் பார்த்தே நீளமாகப் பேசினார். "நரம்பு போயிட்டிருக்கும்மா. சொட்டு மருந்து கொஞ்சம் தள்ளிப்போடும். ஒரு வருஷம், மிஞ்சிப்போனா ரெண்டு. அவர்கிட்ட இப்ப சொல்லாதீங்க, உடைஞ்சு போயிடுவார்."
கண் போனால் அவருக்கு வெளிச்சம் மட்டுமா போகும்? அம்மாவின் பேச்சு போகும். என் பேச்சு போகும்.
அப்பா என் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். மருந்து போட்டால் சரியாகும் என்று சொன்னேன்.

மார்ச் 19
டாக்டர்மேல் ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது. டாக்டர்மேல்தானா?

மார்ச் 27
கடையில் சாக்பீஸ் கோட்டை விட்டு அப்பாவின் கத்தரி ஓடிவிட்டதாம், ஒரு சட்டைத் துணி வீண். முதலாளி எனக்குப் போன் செய்கிறார். பக்கத்தில் நிற்கிற மனிதரிடம் ஒரு சீட்டில் எழுதிக் காட்டக்கூடாதா? எல்லாரும் எனக்கே சொல்லுங்கள்.

ஏப்ரல் 2
அப்பா தானாகவே டாக்டரிடம் போய் வந்திருக்கிறார். காது கேளாதோர் சங்கத்திலிருந்து சைகை மொழிபெயர்ப்பவரைக் கூட்டிக்கொண்டு! செருப்பைக்கூடக் கழற்ற விடாமல் கேட்டேன்: நான் இருக்கும்போது வெளியாள் எதுக்கு?
"அவர் டாக்டர் சொன்னதச் சொல்வார்."
செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு அப்பாவே தொடர்ந்தார்.
"அன்னைக்கு டாக்டர் அவ்வளவு நேரம் பேசினார். நீ சொன்னது மூணே சைகை. எனக்குக் காதுதான் கேக்காது."
பிறகு இதையும் சொன்னார்: "அக்கா எனக்கு எதுவும் சொல்றதில்ல. அவளுக்குச் சொல்லத் தெரியாது. உனக்குத் தெரியும்."
அடித்திருக்கலாம். தேவலை.

ஏப்ரல் 20
சாயங்காலம் கூடத்தில் அப்பா கண்ணை மூடிக்கொண்டு அம்மாவின் கைகள்மேல் தன் கைகளை வைத்திருந்தார். தொட்டே பேச்சைப் பிடிக்கப் பழகுகிறார்கள். சங்கத்தில் சொல்லித் தருகிறார்களாம். அம்மா வேண்டுமென்றே வேகமாகப் பேசிவிட்டுச் சிரிக்கிறாள்.
பிறகு என்னை எதிரில் உட்காரச் சொன்னார். கண்ணைத் திறக்காமலே கேட்டார்: "அன்னைக்கு டாக்டர் என்ன சொன்னார்?"
அவருக்கு எல்லாம் தெரியும். இருந்தாலும் என் கைகள்மேல் அவர் கைகள் இருக்க, முதலிலிருந்து சொன்னேன். 'ஒரு வருஷம்' என்ற இடத்தை வேகமாகக் கடந்துவிட்டேன். புரியவில்லை, திரும்பச் சொல் என்றார்.
திரும்பச் சொன்னேன்.