சீம்பால் குடிச்ச கன்னு

எங்க இருந்தாலும் இந்தக் கொழுந்தனுக்குக் கொஞ்சம் காது குடுங்க மதினி,

நீங்க இல்லாம வர்ற முதல் பொங்கல் இது. "என்ன கொழுந்தனாரே, திடீர்னு பாசம் பொத்துக்கிட்டு வருது?"ன்னு சிரிப்பீக. சிரிங்க. உங்க செவலை மாடு கன்னு போட்டிருக்கு. பொட்டைக் கன்னு, கெடேரி. இப்போ ரெண்டு மாசம் தாண்டிருச்சு. அதைச் சொல்லத்தான் எழுதுறேன்.

தீபாவளி முடிஞ்சு பட்டாசுக் கம்பெனி லீவு விட்டிருந்த நேரம். செவலைக்கு வலி வந்ததும் அண்ணன், "எனக்குப் பாக்கத் தெம்பு இல்லலே"ன்னு வாசலோட நின்னுட்டாரு. உங்க கையில மூணு கன்னு செத்ததைப் பார்த்த மனுசன். மூணும் ஒரே மாதிரிதான். நாலு நாள் துள்ளும். அப்புறம் வெள்ளையாக் கழியும், கண்ணு குழி விழும், தலை தொங்கிரும். சாயங்காலம் தாயில்பட்டியில இருந்து வர்ற கம்பெனி வேனை விட்டு இறங்கினதும் நேரா தொழுவத்துக்கு ஓடுவீக. அந்த ஓட்டம் இன்னும் கண்ணு முன்னாடி நிக்குது.

மூணாவது கன்னும் போனப்போ எதுத்த வீட்டுப் பேச்சியம்மா சொன்னது நினைவிருக்கா? "அவ கைராசி அப்படி. தொட்ட கன்னு தங்காது." அதுக்கப்புறம் தெருவுல எந்த மாடு கன்னு போட்டாலும் உங்களைக் கூப்பிடலை. காமாலையில படுத்துக் கிடக்கும்போதுகூட, "செவலை சினையா இருக்கு. நான் போயிட்டா இந்தக் கன்னாவது தங்கும்"னீக. அப்படிச் சொல்லிட்டுப் போகலாமா மதினி?

அந்தச் சொல்லு அரிச்சுக்கிட்டே இருந்ததாலதான், அண்ணன் புதுசா வாங்கின செல்லுல மாட்டு டாக்டரம்மாவைக் கூப்பிட்டேன். அவுக வந்து நிக்கும்போதே கன்னு விழுந்து, தட்டுத் தடுமாறி எந்திரிச்சு மடியைத் தேடுச்சு. வழக்கம்போல நான் பிடிச்சு இழுத்தேன்.

"என்ன பண்றீங்க?"

"நஞ்சுக்கொடி இன்னும் விழலைங்க. விழுந்தப்புறந்தான் பால் விடணும்."

அந்தம்மா பார்த்த பார்வை இருக்கே! "அதுவரைக்கும் கன்னு பட்டினி கிடக்கணுமா? பிறந்த கன்னுக்கு நோயைத் தாங்குற சக்தி கிடையாது. அது சீம்பாலோடதான் உள்ள போகணும். நேரம் ஆக ஆக, குடிச்சாலும் ஒட்டாது. விடுங்க முதல்ல."

விட்டேன். முட்டி முட்டிக் குடிச்சுச்சு. தொப்புள்கொடியில டிஞ்சர் தடவிட்டு அந்தம்மா கிளம்பிட்டாங்க.

நான்தான் அப்படியே உக்காந்துட்டேன். மூணு தடவையும் நஞ்சு விழுற வரைக்கும் காத்துக் கிடந்தீக. அதுக்கப்புறம் கறந்த சீம்பாலை என்ன பண்ணீக? வெல்லம் போட்டுக் காய்ச்சி, வீடு விடாமக் குடுத்தீக. குடுக்காட்டி மாட்டுக்குக் கண்ணு பட்டுரும்னு ஊருப் பேச்சு. பேச்சியம்மாவுக்குத்தான் முதல் கிண்ணம். கன்னுக்குக் கிடைச்சது அடிமடியில மிஞ்சினது. கன்னோட பங்கைத் தின்னுட்டு உங்க கையைக் குத்தம் சொல்லியிருக்கு இந்தத் தெரு! எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை.

அடுத்த வாரம் இந்தக் கன்னும் கழிய ஆரம்பிச்சுச்சு. எனக்குப் பாதி உசுரு போயிருச்சு. கழியுற கன்னுக்குத் தண்ணி காட்டக்கூடாதுன்னு நாம வச்சிருந்த வழக்கத்தைத் தூக்கிப் போட்டுட்டேன். டாக்டரம்மாவைச் செல்லுல கேட்டு, அவுக சொன்னபடி காய்ச்சி ஆறின தண்ணியில உப்பும் சர்க்கரையும் கலந்து ஊட்டினேன். பாலையும் நிறுத்தலை. அண்ணன் தானா உள்ள வந்து கன்னுத் தலையை மடியில வச்சுக்கிட்டாரு. மறுநாள் அது எந்திரிச்சு அவரு வேட்டியைச் சப்புச்சு. அம்புட்டுதான், மனுசன் உடைஞ்சு அழுதுட்டாரு. "அவ இருந்து பாக்கலையே"ன்னு ஒரே புலம்பல்.

பேச்சியம்மா வந்து, "இந்தத் தடவை சீம்பால் ஒரு கிண்ணம்கூட எட்டிப் பாக்கலையே"ன்னாங்க. கன்னைக் கைகாட்டினேன். "அம்புட்டையும் அதுவா குடிச்சுச்சு?"ன்னாங்க. நான் நடந்ததைச் சொன்னேன். பேச்சியம்மா குனிஞ்சு கன்னைத் தடவிக் குடுத்துட்டுப் போயிட்டாங்க.

அவங்க மாடு மாசியில கன்னு போடும். கூப்பிட்டாலும் கூப்பிடாட்டாலும் நான் போவேன். நஞ்சு விழக் காத்திருக்காம கன்னை மடியில விடுவேன். "இது எங்க மதினி கைராசி"ன்னு தெருவுக்கே கேக்குற மாதிரி சொல்லித்தான் விடுவேன். இது சத்தியம்.

நீங்க காய்ச்சின சீம்பாலை மூணு தடவையும் ரெண்டாவது கிண்ணம் கேட்டு வாங்கித் தின்ன,
உங்க கொழுந்தன்.