வலியைச் சொல்லாத மனிதர்

மார்ச் 3, செவ்வாய்

கிளினிக்கில் நல்ல கூட்டம். வீடு திரும்பியதும் அவர் என் விரல்களைப் பிடித்து முகர்ந்து பார்த்தார். "டாக்டரம்மா, இன்னிக்கும் கிராம்புதானா?"

தற்காலிகமாகப் பல்லை அடைக்கும் பசையில் கிராம்புத் தைலம் கலந்திருக்கும். கோபத்தில் இருக்கும் நரம்பை அது தட்டிக்கொடுத்துத் தூங்கவைக்கும். எத்தனை தடவை சோப்புப் போட்டாலும் கையை விட்டுப் போகாது. இந்த வீட்டுக்கே இப்போது அந்த வாசனைதான்.

நாற்பத்தேழு வயதில் எனக்கு முதல் கல்யாணம், அவருக்கு இரண்டாவது. இன்னும் ஒரு வருஷம் முடியவில்லை. கல்யாணத்துக்கு முன் அவர் போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று: "கிளினிக்ல நீ டாக்டர். வீட்ல இல்ல." அப்போது எனக்கு அது பிடித்துத்தான் இருந்தது.

மார்ச் 7, சனி

நீச்சல் குளத்துக்குப் போயிருந்தேன். அவர் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பதைக் கரையில் உட்கார்ந்து பார்ப்பது எனக்கு ஒரு பொழுதுபோக்கு. இன்று அவர் விசிலே ஊதவில்லை. தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தார். ஏன் என்று கேட்டால், "விசில் கெட்டுப்போச்சு."

விசில் கெடுமா என்ன?

மார்ச் 8, ஞாயிறு

மதியம் அசந்து தூங்கினார். நான் பக்கத்தில் படுத்திருந்தேன். அறை அமைதியாக இருந்தால் அவர் நெஞ்சுக்குள் அந்த உலோக வால்வு டிக், டிக் என்று மூடுவது கேட்கும். எங்கள் கல்யாணத்துக்கு வெகு முன்பே வைத்தது. அதில் ரத்தம் உறைந்து ஒட்டிக்கொள்ளாமல் இருக்க அவர் தினமும் வார்ஃபரின் போட்டுக்கொள்கிறார்.

சட்டைக்கை விலகியிருந்தது. புஜத்தில் உள்ளங்கை அகலத்துக்கு நீலம் பாய்ந்திருந்தது. எழுந்ததும் கேட்டேன். "படிக்கட்டுல இடிச்சிக்கிட்டேன், விடு."

விட்டேன். ஏன் விட்டேன்?

மார்ச் 9, திங்கள்

தலையணை உறையில் ரத்தம்.

"வாயைத் திறங்க."

"வீட்ல நீ டாக்டர் இல்லன்னு..."

"திறங்கன்னு சொல்றேன்ல!"

நான் அப்படிக் கத்துவேன் என்று எனக்கே தெரியாது. கைபேசி வெளிச்சத்தில் பார்த்தேன். மேல் இடது கடைவாய்ப் பல் சொத்தையாகி, ஈறில் சீழ்க் கொப்புளம் கட்டியிருந்தது. சுற்றிலும் ஈறு ஊற்று மாதிரி கசிந்துகொண்டிருந்தது. அவர் குளத்துக்குக் கொண்டுபோகும் பையைக் கவிழ்த்தேன். மெட்ரோனிடசோல் ஓர் அட்டை, வலி மாத்திரை ஓர் அட்டை, கூடவே சின்னக் குப்பியில் கிராம்புத் தைலம்.

அட கடவுளே. வீட்டில் இருந்த வாசனை என் கையிலிருந்து மட்டும் வரவில்லை. ஊர்ப் பல்லையெல்லாம் பார்க்கிறேன், ஒரே மேசையில் சாப்பிடுகிறவர் வாயைப் பார்க்கவில்லை. விளக்கின் அடியில் இருட்டு என்பது இதுதான்.

மருந்துக் கடையில் பல்வலி என்று மட்டும் சொல்லி வாங்கியிருக்கிறார். மெட்ரோனிடசோல் நல்ல மருந்துதான். காற்றில்லாத இடத்தில் வளரும் ஈறுக் கிருமிகளை ஒழிப்பதில் கெட்டிக்காரன், நானே எத்தனையோ பேருக்கு எழுதியிருக்கிறேன். ஆனால் வார்ஃபரினைக் கரைத்து வெளியேற்றுகிற கல்லீரலின் வேலையை அது முடக்கிவிடும். தினமும் போடும் அதே மாத்திரை உடம்பில் தேங்கித் தேங்கி இரண்டு மடங்காக வேலை செய்யும். போதாததற்கு அந்த வலி மாத்திரை வயிற்றைப் புண்ணாக்கும், ரத்தம் கட்டுவதையும் கெடுக்கும்.

ஆட்டோவில் என் கையைப் பிடித்துக்கொண்டே வந்தார். "கோவமா?" என்றார். வாயைத் திறந்தால் அழுதுவிடுவேன்.

மார்ச் 10, செவ்வாய்

ஆஸ்பத்திரி. ரத்தம் உறைய எடுக்கும் நேரம் இருக்க வேண்டியதைப் போல இரண்டு மடங்கைத் தாண்டியிருக்கிறது. தலையை எங்காவது இடித்திருந்தால்? நினைக்கவே வேண்டாம்.

இதய டாக்டர் பொறுமையான மனிதர். "முறிவு மருந்து குடுத்து ஒரேயடியா இறக்கிட்டா வால்வுல ரத்தக்கட்டி வந்துடும்மா. வார்ஃபரினை நிறுத்திட்டு, மெதுவா இறங்க விடுவோம்." இந்தப் பக்கம் போனால் ரத்தம் நிற்காது, அந்தப் பக்கம் போனால் உறைந்துவிடும். நடுவில் அந்தப் பல். அதன் சீழிலிருந்து கிருமி ரத்தத்தில் ஏறி வால்வில் போய்க் குடியேறினால் உயிருக்கே ஆபத்து. ஆனால் இந்த ரத்தத்தோடு பல்லையும் பிடுங்க முடியாது.

கிருமிக்கு ரத்தக்குழாய் வழியாக அமாக்ஸிசிலின் ஏறுகிறது. கிருமி தன் சுவரைக் கட்டவிடாமல் தடுத்து, அதை வெடிக்கச் செய்யும் மருந்து. வலிக்குப் பாரசிட்டமால் மட்டும்.

காய்ச்சல் இல்லை. நிமிஷத்துக்கு ஒருதரம் நெற்றியைத் தொட்டுப் பார்க்கிறேன். நர்ஸ் சிரிக்கிறாள்.

மார்ச் 11, புதன்

நாத்தனார் வந்தாள். அண்ணனைத் திட்டித் தீர்த்துவிட்டு, என்னைத் தாழ்வாரத்துக்கு இழுத்துப் போனாள்.

"அண்ணி, உங்ககிட்ட மறைக்கணும்னு இல்ல. முதல் அண்ணி படுத்த படுக்கையா இருந்தப்ப ராப்பகலா இவர்தான் பார்த்தாரு. இன்னொருத்திக்கு அந்தப் பாடு வரக் கூடாதுன்னு சொல்லிட்டே இருப்பாரு. உங்களக் கட்டிக்கவே யோசிச்சதும் அதனாலதான்."

திரும்பி வந்து கட்டிலருகே உட்கார்ந்தேன். கேட்டேன்: "எத்தனை நாளா வலி?"

மேலே மின்விசிறியைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"ஒரு சீக்காளியக் கட்டிக்கிட்டோமேன்னு உனக்குத் தோணிடக் கூடாதுன்னு பார்த்தேன்."

"நான் கட்டிக்கிட்டதே வால்வோட சேர்த்துத்தானே?"

சிரித்தார். சிரித்ததில் ஈறு மறுபடி கசிந்தது. துணியை மடித்துக் கொடுத்தேன்.

மார்ச் 13, வெள்ளி

ரத்தம் உறையும் நேரம் இறங்குகிறது. ரத்தப் பரிசோதனையில் கிருமி எதுவும் வளரவில்லை. சாப்பிட்டேன். எப்போது கடைசியாகச் சாப்பிட்டேன் என்று நினைவில்லை.

மார்ச் 16, திங்கள்

நாளை பல்லை எடுக்கிறார்கள். செய்யப்போவது என்னோடு படித்த தோழி, பல் அறுவை நிபுணர். தைரியசாலி, கை நேர்த்தி. எல்லாம் பேசி முடித்த பிறகு கட்டிலிலிருந்து இவர் என்னைக் கூப்பிட்டார்.

"பல்லை அவங்க எடுக்கட்டும். ஊசி மட்டும் நீ போடு."

"வீட்ல நான் டாக்டர் இல்லன்னீங்க?"

"இது வீடு இல்லியே."

தோழி வாய்விட்டுச் சிரித்தாள். "போடுடி," என்றாள்.

மார்ச் 17, செவ்வாய்

முடிந்தது.

ஏற்கெனவே ஒரு மருந்துக்குப் பழகிவிட்ட கிருமிகள் என்பதால், காலையில் வேறு குடும்பத்து மருந்து ஒன்றைக் கொடுத்தார்கள். பல்லை எடுக்கும் நேரத்தில் ரத்தத்தில் அது காவல் நிற்கும்.

பிறகு என் வேலை. முதலில் ஈறில் மரப்புக் களிம்பு. லிக்னோகெய்ன் ஊசி மருந்துக் குழாயைக் கொஞ்ச நேரம் என் உள்ளங்கையில் பொத்தி வைத்திருந்தேன். சில்லென்று போனால் எரியும். வலி என்பது நரம்பு வழியே ஓடும் ஒரு செய்தி. நரம்பில் அதற்குக் குட்டிக் குட்டிக் கதவுகள் இருக்கின்றன. லிக்னோகெய்ன் அவற்றைச் சாத்திவிடும். பல் அங்கேதான் இருக்கும், காயமும் நடக்கும், செய்தி மட்டும் வீடு போய்ச் சேராது. சீழ் இருக்கும் இடம் புளித்துக் கிடப்பதால் மருந்து நரம்புக்குள் நுழையத் திணறும். அதனால் சற்றுத் தள்ளி, நல்ல சதையில் போட்டேன். மருந்து கலைந்து ஓடாமல் இருக்க அதில் துளி அட்ரினலின் உண்டு. அது இதயத்தையும் தட்டி எழுப்பும். ஆகவே கொஞ்சம், ரொம்பக் கொஞ்சம், அதுவும் மெதுவாக.

இத்தனை வருஷத்தில் எத்தனை ஊசி போட்டிருப்பேன்! இன்றைக்குப் போல் மூச்சைப் பிடித்துக்கொண்டு போட்டதில்லை. அவர் கண்ணை மூடவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வலிக்குதா?"

இல்லையென்று தலையை ஆட்ட வந்தவர் நிறுத்திக்கொண்டார். "கொஞ்சம்," என்றார்.

எனக்குக் கண்ணீர் மறைத்தது. பாதுகாப்புக் கண்ணாடிக்குள் துடைக்கவா முடியும்?

தோழி பல்லை எடுத்து, தையல் போட்டு, டிரானெக்ஸாமிக் அமிலம் நனைத்த துணியைக் கடிக்கச் சொன்னாள். கட்டிய ரத்தம் மறுபடி கரைந்துபோகாமல் பிடித்துவைக்கும் மருந்து அது. நான் கதவருகே நின்று துணியின் நிறத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். சிவப்பு. வெளிர் சிவப்பு. அப்புறம் நின்றது.

மார்ச் 20, வெள்ளி

வீடு. வார்ஃபரின் பழையபடி. வாய் கொப்பளிக்கும் குளோர்ஹெக்ஸிடினைக் குடுவையோடு திட்டிக்கொண்டிருக்கிறார். "டீ வெந்நீர் மாதிரி இருக்கு. இது மருந்தா, பழிவாங்கலா?" கிருமியைக் கொன்றுவிட்டுப் பல்லிலும் ஈறிலும் ஒட்டிக்கொண்டு காவல் இருக்கும் மருந்து, கொஞ்ச நாளைக்கு ருசியைக் கெடுக்கும் என்றேன்.

"உன்ன மாதிரியே ஒட்டிக்கிது," என்றார்.

ஏப்ரல் 6, திங்கள்

புண் ஆறிவிட்டது. ரத்தம் உறையும் நேரமும் சரி. இன்று குளத்துக்குப் போனார்.

ஏப்ரல் 26, ஞாயிறு

காலையில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தவர் நிமிராமலே சொன்னார்: "புதுச் செருப்பு கடிக்குது. இங்க பாரேன்." சொல்லிவிட்டுக் காலை என் பக்கம் நீட்டினார்.

குதிகாலில் மிளகு அளவு ஒரு சிவப்பு. பிளாஸ்டர்கூடத் தேவைப்படாது. இருந்தாலும் மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்து வந்து, அந்தக் காலை மடியில் வைத்து, ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.