பேரம் பேசாதவர்

அன்புள்ள தம்பி சின்னவனுக்கு,

அக்கா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முட்டிவலி நன்றாகக் குறைந்திருக்கிறது. உன் அத்தான் வழக்கம்போலப் பேப்பரும் கையுமாக இருக்கிறார். நீ நலமா என்று எப்போதும் ஒரு வரி எழுதுவேன். இந்தத் தடவை அதை ஒப்புக்குக் கேட்கவில்லை. கண்ணாடி முன்னால் நின்று, உன்னை நன்றாகப் பார்த்துவிட்டுப் பதில் போடு.

முதலில் நல்ல செய்தியைச் சொல்லிவிடுகிறேன். இரண்டாவது தையல் மெஷின் வாங்கியாகிவிட்டது. வீட்டின் முன்னறை முழுக்க இப்போது கடைதான். கடை நடத்த அனுமதிச் சீட்டு வைத்திருந்த ஒரே ஒரு ஆளுக்குத் தெருவே குனிந்து தைத்துக் கொடுத்து, அவர் போட்டதைக் கூலியென்று வாங்கி வந்த காலம் நினைவிருக்கிறதா? நீ தெருமுனையில் ஸ்டூலைப் போட்டு ஏறி, விற்கிறவனும் வாங்குகிறவனும் மனசொத்துச் செய்கிற வியாபாரத்தில் மூன்றாவது ஆளுக்கு என்ன வேலை என்று கத்தினாய். அடுப்பில் ஒன்றும் இல்லை, இவன் வாய்க்கு மட்டும் குறைச்சலில்லை என்று நான் தலையில் அடித்துக்கொண்டேன். ஆனால் அந்தச் சீட்டு ஒழிந்தது. எதிர்வீட்டு முடிதிருத்துகிறவர் சொந்தக் கடை போட்டுவிட்டார். மாடிவீட்டு அக்கா நூலும் பட்டனும் வாங்கி விற்கிறாள். பசியோடு படுக்கிற வீடு இந்தத் தெருவில் இப்போது இல்லை. நீ சொன்னது பலித்தது, அதை நான் யார் கேட்டாலும் சொல்வேன். அதனால் இனி எழுதுவதைப் படித்துவிட்டு, அக்காவுக்கு நீ சொன்ன தடையில்லாத சந்தை பிடிக்காமல் போய்விட்டது என்று நினைக்காதே.

வெளியூர் போகும்போது நீ எனக்கு இரண்டு விஷயம் சொல்லிவிட்டுப் போனாய். விலை கேட்டு வந்தவரை விலை சொல்லாமல் அனுப்பாதே என்றாய். பேரம் பேசுவது இரண்டு பேருக்கும் நேர விரயம், பலகையில் விலையை எழுதி மாட்டிவிடு என்றாய். பலகையை மாட்டினேன். ஆனால் பேரம் பேசாமல் விற்பது எனக்கு உப்பில்லாமல் சாப்பிடுகிற மாதிரிதான் இருந்தது.

மழை பிடித்துக்கொண்ட ஒரு மத்தியானம் ஒருவர் பட்டன் தைக்க வந்தார். மரியாதையான ஆள், உன் வயதுதான் இருக்கும். பலகையை ஏறிட்டும் பார்க்கவில்லை. சொன்னதைக் கொடுத்துவிட்டு, புதிதாக ஒரு சட்டைக்கும் அளவு கொடுத்தார். தோள் இரண்டும் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டது மாதிரி நேர். இப்படி ஒரு உடம்பு கிடைத்தால் தையல்காரிக்குப் பாதி வேலை மிச்சம் என்று அத்தானிடம்கூடச் சொன்னேன்.

அப்புறம் ஜன்னலோரம் இருக்கிற உன் ஸ்டூலைப் பார்த்தார். அங்கே ஒரு வெட்டுத் துண்டுகூடப் போட அம்மா விடுவதில்லை. யாருடையது என்று கேட்டார். அது என் தம்பி இடங்க, அவன் வெளியூர்ல இருக்கான் என்றேன். அந்த இடம் என்ன விலைங்க என்று கேட்டார். இஸ்திரி மேஜை போடத்தான் இடம் கேட்கிறார் என்று நினைத்தேன். இப்போதெல்லாம் கடையோரம் இடம் கேட்டு யாராவது வந்துகொண்டேதான் இருக்கிறார்கள். எனக்குக் கொடுக்க மனசில்லை. ஆள் ஓடட்டும் என்று வாய்க்கு வந்த ஒரு பெரிய தொகையைச் சொன்னேன். நம் தெருவில் மாட்டேன் என்பதை வேறு எப்படிச் சொல்வோம்? நான் அப்படிச் சொன்னால், இது அநியாயம்க்கா என்று அவர் சொல்லவேண்டும், அப்ப விடுங்க என்று நான் சொல்லவேண்டும், இரண்டு பேரும் சிரித்துக்கொண்டு போகவேண்டும்.

அவர் சரிங்க என்றார். பணத்தைத் துணி வெட்டும் மேஜைமேல் வைத்தார். நான் விளையாட்டுக்குச் சொன்னேங்க என்று எவ்வளவோ சொன்னேன். எதிர்வீட்டு முடிதிருத்துகிறவர் அப்போது கடையில் இருந்தார். சொன்ன விலையை ஆள் கொடுத்தாச்சு, இனிமே பேச்சு மாறக்கூடாதுக்கா, உங்க தம்பியே அப்படித்தானே சொல்லிக் கொடுத்தாரு என்றார். பணத்தை எடுத்து உள்ளே வைத்தேன்.

மறுநாள் மேஜை வரவில்லை, அவர் மட்டும் வந்தார். உன் ஸ்டூலில் உட்கார்ந்தார். சாப்பாட்டு நேரத்துக்கு அம்மா வெளியே வந்து பார்த்தாள், உள்ளே போனாள், இன்னொரு தட்டு எடுத்து வந்தாள். அவரைப் பார்த்து, சின்னவனே, கை கழுவிட்டு வாடா என்றாள்.

அம்மாவுக்குக் கண்ணில்தான் கோளாறு என்று டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். இந்த வயதில் இவ்வளவு நல்ல பார்வை அதிசயம் என்றார் அவர். அடுத்து அத்தான். அரசாங்க வரியைப் பற்றி உன்னோடு போட்ட சண்டையை, விட்ட இடத்திலிருந்து ஸ்டூலில் இருக்கிறவரோடு போடுகிறார். அவரும் உன் வார்த்தையிலேயே பதில் சொல்கிறார். மழையில் பேசும்போது நீ ஸ்டூலிலிருந்து வழுக்கி விழுந்த கதையை முடிதிருத்துகிறவர் அவரிடம் கேட்டுக் கேட்டுச் சிரிக்கிறார். சொன்னால் கோபித்துக்கொள்ளாதே, உன்னைவிட நன்றாகச் சொல்கிறார்.

அவர் கெட்டவர் இல்லை. அப்படி இருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன். தண்ணீர் தூக்குகிறார், ராத்திரி அம்மாவின் காலுக்குத் தைலம் தேய்க்கிறார். முட்டிவலி குறைந்தது அதனால்தான். அம்மா சிரித்துப் பேசுகிறாள். போனதிலிருந்து நீ ஒரு தடவைகூட வரவில்லை, இவராவது இருக்கிறாரே என்று ஒரு நாள் எனக்கே தோன்றியது. தோன்றியதும் பயந்துபோனேன்.

வாங்கிய பணத்துக்கு மேலேயே போட்டு வைத்து, இடத்தைத் திருப்பிக் கொடுங்கள் என்று கெஞ்சினேன். அது விக்கிறதுக்கில்லைக்கா, உடையவனுக்கு மனசில்லைன்னா எந்த விலையும் செல்லாது என்றார். ஸ்டூல்மேல் நின்று நீ சொன்ன வாக்கியம் அது. அன்றைக்குத் தெருவே கை தட்டியது, நானும் தட்டினேன்.

போன வாரம் அவருடைய சட்டையைப் போட்டுப் பார்த்தோம். இடது பக்கம் தொங்கியது. என் வெட்டு தப்பாது என்று உனக்குத் தெரியும். திரும்ப அளந்தேன். இடது தோள் ஒரு விரல் அளவு இறங்கியிருக்கிறது. சின்ன வயதில் துணிமூட்டை சுமந்து சுமந்து உனக்கு இறங்கியதே, அதே தோள், அதே அளவு. டேப்பைக் கீழே போட்டுவிட்டேன். அதற்குத்தான் கண்ணாடியைப் பார்க்கச் சொன்னேன். உன் தோள் நேராகியிருந்தால், போட்டது போட்டபடி கிளம்பி வா.

இதைத் தபாலில் போட்டுவிட்டு வருவதாக அவர் சொன்னார். அதுக்கு என்ன கேக்கறீங்க என்றேன். அக்காகிட்ட தம்பி காசு வாங்குவானா என்று சிரித்தார். கடிதத்தை நான் கொடுக்கவில்லை. மாடிவீட்டு அக்கா நூல் எடுக்க உன் ஊருக்கு வருகிறாள், உன் கையிலேயே தருவாள். உன்னை அடையாளம் தெரியும் என்றுதான் சொல்கிறாள்.

இன்று காலை அவசரத்தில் கத்தரிக்கோலைக் காணாமல், சின்னவனே, அதை எடுடா என்று கத்தினேன். எடுத்துக் கொடுத்தார். வாங்கி, ஒரு சட்டைக்கை முழுவதும் வெட்டி முடித்த பிறகுதான் யாரைக் கூப்பிட்டேன் என்று எனக்கு உறைத்தது.

இன்ன பொருள் என்று தெரியாமல் விற்றவளுக்கு உன் சந்தையில் என்ன வழி, தம்பி? அதைக் கடிதத்தில் எழுதாதே. வந்து சொல். அம்மா கண்ணில் படுகிற மாதிரி வாசலில் நின்று, இது என் இடம் என்று ஒரு தடவை கேள். மிச்சத்தை நான் பார்த்துக்கொள்கிறேன். பேரம் பேச எனக்கு மறக்கவில்லை, தெரு கூடுகிற மாதிரி பேசுவேன். ஆனால் வேண்டும் என்று கேட்க நீ வரவேண்டும். நான் மட்டும் கேட்டால் அது நிற்காது.

நீ நூறு வயது வாழவேண்டும், நீயாகவே வாழவேண்டும்.

இன்றுவரை உனக்கே அக்காவாக இருக்கிற,
அக்கா